ஒளியலையும் லென்ஸின் எல்லையும்

(பிளவக்கல்லில் பங்குனித் திங்களில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணி மறுத்துப் பார்த்தேன். செயலாளர் விடுவதாக இல்லை. "மாணவர்களுக்குச் சொல்வதையே எங்களுக்கும் சொல்லுங்கள், கரும்பலகை மட்டும் கேட்காதீர்கள்" என்றார். ஆகவே, சமன்பாடு ஒன்றும் எழுதாமல் சொல்ல முயல்கிறேன். எண்கள் சில வரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்த இடத்தில் நின்று ஒளியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. இம்மலையடிவாரத்தை விட்டுச் சிறிது தொலைவு சென்றால் வத்திராயிருப்பு. அங்கேதான் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனோடு இணைந்து உழைத்து, 1928-இல் இராமன் விளைவு எனும் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட கே. எஸ். கிருஷ்ணன் அவர்தாம். 1947-இல் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் அவரே. நம்மில் பலர் இன்று வத்திராயிருப்பு வழியாகத்தான் வந்தோம். வண்டி அங்கு நின்ற ஐந்து நிமிடத்தில் அவரை நினைத்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. நானும் இறங்கித் தேநீர்தான் அருந்தினேன்.

1928-ஆம் ஆண்டின் அந்தச் சோதனையில் தொலைநோக்கி லென்ஸ் ஒன்று இடம்பெற்றிருந்தது. அகலம் 18 செ.மீ.; குவியத்தூரம் 230 செ.மீ. கதிரவனின் ஒளியை அதனால் திரட்டி, 5 செ.மீ. குவியத்தூரமுள்ள மற்றொரு லென்ஸால் மேலும் குறுக்கி, ஆராயவேண்டிய பொருளின்மீது செலுத்தினார்கள். அங்கே லென்ஸின் வேலை ஒளியைத் திரட்டுவது. லென்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அருகருகே இருக்கும் இரண்டை ஒன்றாகக் குழப்பாமல் இரண்டாகவே காட்டுவது. பாடநூல்கள் இதனைப் பகுதிறன் என்று வழங்குகின்றன, அழகிய சொல். இந்த இரண்டாவது வேலையில், லென்ஸ் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், ஒளி தானே ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. அவ்வெல்லையை அறியாமல் நான் செய்த பிழையொன்றை இந்த அவையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1987-ஆம் ஆண்டு. பதினொன்றாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், லென்சை இன்னும் நல்லாச் செஞ்சா, நிலாவுல நட்டுவச்ச கொடி இங்கேயிருந்து தெரியுமா?" என்று கேட்டான். மணியடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. நான் சற்றும் தயங்காமல், "தெரியும் தம்பி. அவ்வளவு நேர்த்தியாகத் தேய்ப்பதற்குக் கை வேண்டும், அதுதான் இல்லை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மேற்கொண்டு படிக்க அவனுக்கு வாய்ப்பில்லை. மதுரையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். எட்டாண்டுகள் கழித்து ஒருநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் நீண்ட தகரக்குழாய். பட்டறை வேலை முடிந்த இரவுகளில் 10 செ.மீ. அகலமுள்ள குழியாடி ஒன்றைத் தானே தேய்த்து, மெருகிட்டு, வெள்ளிப் பூச்சுப் பூசித் தொலைநோக்கி அமைத்திருந்தான். மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தோம். நிலவின் குழிகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன. பிறகு உருப்பெருக்கம் மிகுந்த கண்ணருகு லென்ஸை மாற்றிப் பொருத்தி, ஒரு விண்மீனைக் காட்டினான். புள்ளியாகத் தெரியவேண்டிய விண்மீன் சிறு வட்டத்தட்டாகத் தெரிந்தது. அதனைச் சுற்றி மெல்லிய ஒளிவளையங்கள் ஒன்றிரண்டு. "எவ்வளவு பெரிசாக்கினாலும் இந்தத் தட்டுதான் பெரிசாகுது சார். புள்ளியா வரமாட்டேங்குது. என் கை சரியில்லை போல" என்று விரல்களை விரித்துக் காட்டினான்.

நானும் பார்த்துவிட்டு, "தேய்ப்பில் எங்கோ குறை இருக்கிறது" என்றேன்.

அவன் போய் அந்த ஆடியை மறுபடியும் தேய்த்தான்.

பின்னர்தான் நூல்களைப் புரட்டினேன். குறையற்ற வட்ட லென்ஸ் விண்மீனை எவ்வாறு காட்டும் என்பதை ஜார்ஜ் ஏரி எனும் ஆங்கில வானியலறிஞர் 1835-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டிருக்கிறார். நடுவில் ஒளிமிக்க வட்டத்தட்டு. சுற்றிலும் மங்கலான வளையங்கள். நானும் அந்த இளைஞனும் கண்ட காட்சி அதுவே. வளையங்கள் வட்டமாகவும் ஒழுங்காகவும் அமைவது தேய்ப்புச் செம்மையாக இருந்ததற்குச் சான்று. நான் குறையென்று சொன்னது அவனுடைய கைத்திறனின் நற்சான்றிதழை. செய்தி அவனிடம் சேர்வதற்குள் ஆடி தேய்க்கப்பட்டுவிட்டது. இரண்டாம் தேய்ப்பில் அந்த வளையங்கள் முன்போல் ஒழுங்காக அமையவில்லை.

இந்த இடத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இன்னொரு மாணவரை நினைக்கிறேன். முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான சோதனையின்போது, முகத்தை மிகச் சாய்வாகத் தொட்டு வரும் ஒளியில் சில பட்டைகள் தோன்றுவதையும், அவை இருபுறமும் சமமாக அமையாததையும் அவர் கண்டார். கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடவில்லை. ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டன் 'பிலசாபிகல் மேகசீன்' இதழில் வெளிவந்தது. அம்மாதம்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. சி. வி. இராமனின் முதற்கட்டுரை அதுவே. பொருள், செவ்வகத் துளையால் ஏற்படும் விளிம்பு விளைவு. என் மாணவன் கண்ட வளையங்களும் இராமன் கண்ட பட்டைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

விளிம்பு விளைவு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லாய்வில் வல்லவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஒளி தடையின் விளிம்பில் வளைகிறது என்ற பொருளில் இச்சொல் அமைந்தது. பழகிவிட்டது, மாற்றவேண்டியதில்லை. ஆயினும் விளிம்புதான் ஏதோ செய்கிறது என்ற மயக்கத்தை இது தருகிறது. உண்மையில் வேலை செய்வது விளிம்பன்று, திறந்திருக்கும் துளை முழுவதுமே. துளையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிற்றலைகள் கிளம்புகின்றன. ஒன்றன் முகடும் மற்றொன்றன் முகடும் சேருமிடத்தில் ஒளி. முகடும் பள்ளமும் சேருமிடத்தில் இருள்.

இந்த அணையின் நீர்ப்பரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையொன்றை நீரில் நிறுத்தி, அதில் இடைவெளி ஒன்று விடுவோம். இடைவெளி அலைநீளத்தைவிடப் பன்மடங்கு அகலமானால், அலை ஏறத்தாழ நேராகவே போகும். இடைவெளி குறுகக் குறுக, அப்பால் சென்ற அலை விசிறிபோல் விரியும். இடைவெளியை மாற்றாமல் அலையை நீளமாக்கினாலும் அவ்வாறே விரியும். துளை எத்தனை முழம் என்பது மட்டும் கேள்வியன்று. அத்துளைக்குள் எத்தனை அலை அடங்குகிறது என்பதே கேள்வி. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் என் உரையில் முக்காற்பங்கு முடிந்தது.

ஒளியலைகள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டருக்குள் செந்நிற அலைகள் ஏறத்தாழ 1,500 அடங்கும். நீல அலைகள் 2,200 அடங்கும். அதனால்தான் அன்றாட வாழ்வில் ஒளி வளைவதை நாம் காண்பதில்லை. கதவிடுக்கு வழியே வரும் வெயில் நேராகவே வருகிறது. ஆனால் காணமுடியாததன்று. நெசவாளர் மிகுந்த நம் பகுதியில் அதற்குக் கருவி வீட்டுக்கு வீடு இருக்கிறது. சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணிக்குக் கண் பெரிது. அது அவ்வளவாக உதவாது. நல்ல மல்வேட்டியின் ஓரத்தைக் கண்ணருகே இழுத்துப் பிடித்து, தொலைவிலுள்ள ஒற்றை விளக்கைப் பாருங்கள். விளக்கு ஒன்றாக இராது. நடுவிளக்கைச் சுற்றிச் சிலுவைபோல் வரிசையாக விளக்குகள் நிற்கும். துணியை மேலும் கீழும் அசைத்தாலும் அவை அசையா. ஒவ்வொன்றிலும் உட்புறம் நீலம், வெளிப்புறம் சிவப்பு.

இதை முதலில் எழுதிவைத்தவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தார். பிரான்சிசு ஆப்கின்சன் என்பவர் பட்டுக் கைக்குட்டை வழியே தெருவிளக்கைப் பார்த்து வியந்து, தம் நண்பர் டேவிட் ரிட்டன்அவுசுக்கு 1785-இல் கடிதம் எழுதினார். அவர் மயிரிழைகளை நுண்ணிய திருகு மரைகளில் இணையாகப் பதித்துச் சோதித்து, செந்நிறம் நீலத்தைவிட மிகுதியாக விலகுகிறது என்று கண்டார். முப்பட்டகத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கே நீலமே மிகுதியாக விலகும். அங்குலத்துக்கு 80 இழையுள்ள துணியானால், நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள விளக்கின் பக்கத்தில் செந்நிறம் சுமார் 20 செ.மீ. தள்ளித் தோன்றும், நீலம் 14 செ.மீ. தள்ளி. அலை நீண்டால் விரிவும் மிகும். ஆதலின் ஒரே லென்ஸ் நீல ஒளியில் கூர்மையாகவும் செவ்வொளியில் சற்று மழுங்கியும் காண்கிறது.

இனி லென்ஸுக்கு வருவோம். லென்ஸும் ஒரு துளைதான். கண்ணாடி அடைத்த துளை. குழியாடிக்கும் சட்டம் இதுவே. விண்மீனின் ஒளி அதன் வழியே வரும்போது சற்றே விரிந்து தட்டாகிறது. அருகிலுள்ள இரு விண்மீன்களின் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால், எவ்வளவு உருப்பெருக்கினாலும் பெரிய மங்கலே கிடைக்கும். நூல் சுற்றிய கண்டைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் படத்தில் இல்லாத இழை எங்கிருந்து வரும்? முந்நூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் விளையாட்டுத் தொலைநோக்கிகளைத் தம் பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் மடங்கைக் கேட்கவேண்டாம். முகப்பின் அகலத்தைக் கேளுங்கள்.

நம் கண்ணையே பார்ப்போம். பகலில் கண்மணித் துளையின் அகலம் ஏறக்குறைய 3 மி.மீ. அதற்குள் பசுமஞ்சள் ஒளியலைகள் 5,400-க்கு மேல் அடங்கும். அந்தக் கணக்கின்படி கண் ஒரு கலையைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிய வேண்டும். பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நல்ல கண்ணுக்கு ஒரு கலை தெரிகிறது. இயற்கை நம் கண்ணை ஒளி அனுமதித்த எல்லைக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. திருமணத்தில் மணமகளுக்குக் காட்டும் அருந்ததி, வசிட்டரிடமிருந்து சுமார் 12 கலை விலகியிருக்கிறாள். எனவே பகுதிறன் அங்கு ஒரு தடையில்லை. பந்தலுக்குள்ளிருந்து, அதுவும் பகலில் காட்டுவதுதான் தடை!

நிலவின் கொடிக்கு வருகிறேன். நிலவு 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. என் மாணவனின் 10 செ.மீ. ஆடி, அங்கே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் இடைவெளியையே பிரித்துக் காட்டும். வாணியம்பாடியை அடுத்த காவலூரில், 1986-இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். காற்றே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அதன் எல்லை நிலவில் 110 மீட்டர். காற்றின் நடுக்கம் அதையும் பன்மடங்கு கெடுத்துவிடும். ஒரு மீட்டர் அகலமுள்ள கொடியைப் பிரித்துக் காண எவ்வளவு அகலம் வேண்டுமென்று கணக்கிட்டேன். சுமார் 250 மீட்டர்! அப்படியொரு லென்ஸை உலகின் எந்தக் கையாலும் தேய்க்க இயலாது. அன்று நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

அணுகிச் சென்றால் கதை வேறு. நிலவை 100 கி.மீ. உயரத்தில் சுற்றும் சந்திரயான்-2 விண்கலத்தின் கேமரா, ஓரடிக்கும் குறைந்த அளவைப் பிரித்துக் காண்கிறது. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் தரையிறங்கு கலத்தை அது படமெடுத்து அனுப்பியது.

நுண்ணோக்கியிலும் இதே எல்லைதான். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டியபடி, ஒளியலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதிக்குக் குறைந்ததை எந்தச் சாதாரண நுண்ணோக்கியும் பிரித்துக் காட்டாது. அது மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. 2020-இல் உலகை முடக்கிய கொரோனா நுண்மி அதிலும் பாதி. அதன் உருவம் தெரிந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கியால்; எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு, அவ்வலை ஒளியலையினும் பல்லாயிரம் மடங்கு குறுகியது. ஒளியை வைத்தே அபேயின் எல்லையைச் சுற்றிக் கடக்கும் வழிகளும் கண்டறியப்பட்டு, அவற்றுக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒவ்வொரு மூலக்கூற்றையும் தனித்தனியே ஒளிரச்செய்து இடங்குறிப்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டின் இயற்பியல் பரிசு நீல ஒளி உமிழும் டையோடுக்கு. நீலத்தின் பயனை இசைத்தட்டு வாங்கியவர்கள் அறிவார்கள். சிவப்புக்கும் அப்பாலுள்ள 780 நானோமீட்டர் ஒளியால் படித்த குறுந்தட்டில் 700 மெகாபைட் அடங்கியது. 405 நானோமீட்டர் நீல ஊதாவால் படிக்கும் தட்டின் ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட். அலை குறுகியதும் லென்ஸ் ஒளியைக் கூர்மையாகக் குவித்ததும் அதற்குக் காரணங்கள்.

இதுவரை குறுகிய அலைகளைப் பற்றிச் சொன்னேன். நீண்ட அலையால் பார்க்க முயன்றால் என்னவாகும் என்பதற்கு நீலகிரியில் ஒரு சான்று நிற்கிறது. எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

உதகமண்டலத்தையடுத்த முத்தோரையில் பேராசிரியர் கோவிந்த் சுவரூப் தலைமையில் அமைந்து, 1970-இல் செயற்படத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் குறுக்குக்கோட்டு அளவான ஏறத்தாழ 11 பாகைக்கு இணையாகச் சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே வான்பொருளைப் பல மணிநேரம் தொடரலாம். அது ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. அரைக்கிலோமீட்டர் நீளமுள்ள இப்பெருங்கண்ணில் எத்தனை அலை அடங்கும்? ஏறக்குறைய 576. நம் 3 மி.மீ. கண்மணியில் அடங்குவதில் பத்தில் ஒரு பங்கு! அதன் பகுதிறன் ஏறத்தாழ 6 கலை. வெறுங்கண்ணைவிட மழுங்கிய பார்வை. அந்த அலையில் நம் கண்ணுக்கு நிகரான கூர்மை வேண்டுமானால் ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள கண் வேண்டும்.

அதற்கு அவர்கள் நிலவைத் துணைக்கழைத்தார்கள். நிலவு வானில் நகரும்போது அவ்வப்போது ஏதேனும் ஒரு வானொலி மூலத்தை மறைக்கும். நிலவின் விளிம்பு அம்மூலத்தைக் கடக்கும்போது, வந்துகொண்டிருந்த அலை ஒரே வெட்டாக நின்றுவிடுவதில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பிறகு அடங்குகிறது. இராமன் கண்டவற்றைப் போன்ற பட்டைகள்தாம் இவையும். செவ்வகத் துளைக்குப் பதிலாக நிலவின் விளிம்பு. மூலம் புள்ளியளவானால் ஏற்றவிறக்கம் கூர்மையாக இருக்கும், பரந்ததானால் மழுங்கியிருக்கும், இரட்டையானால் இருமுறை நிகழும். நிலவின் இடம் நொடிக்கு நொடி கணக்கில் இருப்பதால், மூலத்தின் இடமும் வடிவமும் சில விகலை நுட்பத்துக்குக் கிடைத்துவிடும். ஆறு கலை எங்கே, சில விகலை எங்கே! இம்முறையில் ஆராய்ந்த மூலங்கள் ஆயிரத்துக்கு மேல். பேரண்டம் காலத்தால் மாறிவந்திருக்கிறது எனும் கொள்கைக்கு 1970-களில் உதகையிலிருந்து வலுவான சான்று கிடைத்ததும் இவற்றைக் கொண்டுதான். பார்வையை மழுக்கும் அதே விளிம்பு விளைவை அளவுகோலாக்கிக்கொண்டார்கள்.

என் மாணவனிடம் 1995-இல் இவற்றையெல்லாம் விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மல்துணியைக் கொடுத்து மாடியிலிருந்து தெருவிளக்கைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தான். "அப்போ அந்த வளையம் வெளிச்சத்தோட வேலையா சார்? என் கையோட வேலை இல்லையா?" என்றான். இல்லை என்றேன். அவன் அழித்துவிட்ட முதல் ஆடியைப் பற்றி அன்று இருவரும் பேசவில்லை.

அதன்பின் அவர் மூன்றாவதாக ஓர் ஆடி தேய்த்தார். இனி அவர் என்றே சொல்லவேண்டும். இன்று அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லக்கூடாதென்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்த மூன்றாவது ஆடி பொருத்திய தொலைநோக்கியை அணைக்கரையில் நிறுத்தியிருக்கிறார். வடகிழக்கில் வசிட்டரும் அருந்ததியும் மேலேறி வந்துவிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு ஒருவராகத் தெரியும் வசிட்டர், 14 விகலை இடைவெளியில் நிற்கும் இருவர் என்பதைத் தொலைநோக்கியில் காணலாம். பார்த்தபின் உருப்பெருக்கம் மிகுந்த லென்ஸை மாற்றச் சொல்லி, தட்டையும் வளையங்களையும் பாருங்கள். துணித்துண்டுகளும் அவரிடம் இருக்கின்றன. கரையின் கோடியில் எரியும் ஒற்றை விளக்கு அதற்குப் போதும். வரிசையில் குழந்தைகளை முன்னே விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.